கலைவாணி சிஸ்டர் போட்ட அரை ஊசி

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு பேனாவைப் பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். பிழை திருத்தித் தரச் சொல்லி யாரிடமாவது கொடுக்கலாம். கொடுத்தால் அவர்கள் முதலில் படித்துவிடுவார்கள். அதனால் கொடுக்கவில்லை.

என் பெயர் ஏழுமலை. வயது ஐம்பத்திரண்டு. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஊர். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மூட்டையைத் தூக்கிவந்து, மல்லாட்டை உடைக்கிற மிஷினின் தொட்டியில் கொட்டுவது என் வேலை. மிஷின் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. கடையில் ஒரு பொருள் கேட்பதென்றாலும் கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நிற்கிறவன் நான். ஆஸ்பத்திரியில் நான் செய்ததை இந்தக் கூச்ச சுபாவத்தின் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ள ரொம்ப நாள் பார்த்தேன். அது கூச்சம் இல்லை, பொய். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு நாள் மூட்டை தூக்கும்போது நெஞ்சுக்குள் படபடவென்று அடித்தது. கோழியைச் சாக்கில் போட்டுக் கட்டினால் உள்ளே எப்படி அடித்துக்கொள்ளும், அப்படி. இரண்டு மூன்று நாள் பார்த்தேன், நிற்கவில்லை. வேலை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, நீளத் தாளில் கோடு கோடாக எடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இது மாரடைப்பு இல்லை, பயப்படாதே என்றார். இதயத்தில் மேல் அறை, கீழ் அறை என்று இருக்கிறதாம். மேல் அறை சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் கீழ் அறை தாளம் தப்பி வேகமாக அடிக்கிறது என்று சொன்னார். இரண்டு மாத்திரை எழுதினார். ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. வேகத்தைக் குறைக்கச் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. அதன் பெயர் டைகாக்சின் என்பது எனக்குப் பிறகு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அந்தச் சின்ன மாத்திரையைத் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று போட வேண்டும், சனி ஞாயிறு போடக் கூடாது என்றார்.

ஏன் கூடாது என்று நான் கேட்கவில்லை. என் பின்னால் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது எனக்குக் காரணம் தெரியும். அந்த மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது. தேங்கும். நல்லது செய்கிற அளவுக்கும் கெடுதல் செய்கிற அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. தேங்கியது வடியட்டும் என்றுதான் அந்த இரண்டு நாள். அப்போது எனக்கு இது தெரியாது. சனி ஞாயிறு என்றதும் ஆபீஸ் லீவு ஞாபகம்தான் வந்தது. லீவு நாளில் வீட்டில் சும்மா படுத்திருக்கிறவனுக்கு இதயத்துக்கும் வேலை இல்லை, அதனால் மாத்திரை வேண்டாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எங்கள் மில்லிலும் சாதாரண நாட்களில் சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடியும். மாசி, பங்குனியில் மல்லாட்டை வரத்து ஆரம்பித்தால் மட்டும் லீவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடும். லீவு இல்லாத வேலைக்கு மாத்திரைக்கும் லீவு இல்லை என்று ஏழு நாளும் போட்டேன். லாரி இரண்டு வந்து அதிகமாக மூட்டை தூக்கிய நாளில் சாயந்தரம் இன்னொன்றும் போட்டேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததை ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன். அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சின்ன மாத்திரையைப் போட்டால் நெஞ்சு அடங்கியது. அதனால் அதுதான் மருந்து என்று வைத்துக்கொண்டேன்.

என் மனைவி அஞ்சலைக்கு இது தெரியாது. அவளுடைய தம்பி குமார் எங்கள் மில்லிலேயே கணக்கு எழுதுகிறான். பன்னிரண்டாவது வரை படித்தவன். அவளுக்குத் தெரிந்தால் அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்தால் முதலாளிக்குத் தெரியும். முன்பு நெஞ்சு வலி என்று சொன்ன ஒரு ஆளை முதலாளி வேலையை விட்டே அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மாத்திரை அட்டைகளைச் சைக்கிள் சீட்டுக்குக் கீழே இருக்கும் சாமான் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஒரு தடவை நான் வாயில் போடுவதை அஞ்சலை பார்த்துவிட்டாள். வாயுவுக்குப் போடுகிற கேஸ் மாத்திரை என்று சொன்னேன். அவள் நம்பினாள். நான் அவளிடம் அதிகம் பொய் சொல்லாதவன் என்பதால் நம்பினாள்.

பங்குனி மாதம் சாப்பாடு பிடிக்காமல் போனது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. நாலு நாள் வாந்தி. மில்லில் எரிகிற குழல் விளக்கைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தது. மல்லாட்டைத் தூசிதான் கண்ணில் படிந்துவிட்டது என்று தண்ணீரால் அலசினேன். உடம்பு தள்ளாடியதும் இதயம் பலவீனமாகிவிட்டது என்று பயந்து, காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று என்று மாத்திரை போட்டேன். அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலை தொட்டிக்குப் பக்கத்தில் மூட்டையோடு விழுந்தேன்.

குமார்தான் என்னைத் தூக்கினான். மில் வண்டியில் போட்டுத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே பார்த்துவிட்டு விழுப்புரம் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் என் தலையை அவன் மடியில்தான் வைத்திருந்தான். வழியெல்லாம், "மாமா, கண்ண மூடாத மாமா, எதுனா பேசு" என்றுகொண்டே வந்தான். விழுப்புரத்தில் சேர்த்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு கட்டில். எனக்கு நான்காவது. சட்டையைக் கழற்றி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, தலைமாட்டில் இருந்த டிவி மாதிரி ஒரு பெட்டியில் இணைத்தார்கள். அதில் என் இதயம் பச்சைக் கோடாக ஓடியது. யாரும் பார்க்கும்படி வெற்று மார்போடு கிடப்பது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. உயிருக்குப் பயப்பட வேண்டிய நேரத்தில் நான் துண்டு கேட்டேன்.

துண்டைக் கொண்டுவந்து போர்த்தியவர்தான் கலைவாணி சிஸ்டர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். கெடார் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். நான் மல்லாட்டை மில்லில் வேலை செய்கிறேன் என்று குமார் சொன்னதும், "எங்க அப்பா போட்ற மல்லாட்டையெல்லாம் நீங்கதான் ஒடைக்கிறீங்களா? வெல மட்டும் ஏன்பா ஒடையுது?" என்று சிரித்தார். அந்த இடத்தில் அப்படி ஒருவர் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை. என்னை அப்பா என்றுதான் கூப்பிட்டார்.

பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு கேட்டார். "வீட்ல டெய்லி எதுனா மாத்திர போட்றீங்களாப்பா? சுகரு, பிரஷரு, ஹார்ட்டு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

எனக்கு முன்னால் அஞ்சலை பதில் சொன்னாள். "அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சிஸ்டர். கேஸ் மாத்திர மட்டும் போடுவாரு."

"இன்னா கேஸ் மாத்திர? கவரு இருக்கா?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். கால்மாட்டில் குமார் நின்றிருந்தான். அவனும் பார்த்தான்.

"எப்பனா ஒண்ணுங்க," என்றேன். "பேரு தெரியாது."

அவர் அதை எழுதிக்கொண்டார். டாக்டர் வந்து, இதயம் தாறுமாறாக வேகமாக அடிக்கிறது, பிரஷர் குறைவாக இருப்பதால் வேறு மருந்து கொடுக்க முடியாது என்று டைகாக்சின் ஊசி அரை ஆம்பூல் போடச் சொன்னார். ஆம்பூல் என்பது மருந்து இருக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி. கலைவாணி சிஸ்டர் உடனே போட்டுவிடவில்லை. முதலில் ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். பெட்டியில்தான் நம்பர் ஓடுகிறதே என்று நான் நினைத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது போல. தாளம் தப்பினால் சில அடி மணிக்கட்டுக்கு வந்து சேராது, மிஷினும் சில சமயம் தப்பாக எண்ணும், அதனால் இந்த மருந்துக்கு முன்னால் நெஞ்சில் வைத்து முழு நிமிடம் கேட்க வேண்டும், அறுபதுக்குக் கீழே இருந்தால் போடாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு விளக்கிச் சொன்னார். ஒரு கூலிக்காரனிடம் ஏன் என்று சொல்லிவிட்டு ஊசி போட்டவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

மருந்தை எடுக்கும் முன் இன்னொரு தடவை கேட்டார். "இது மாத்திரையாவும் வருதுப்பா. சின்னதா, வெள்ளையா இருக்கும். எங்கனா டாக்டரு குடுத்து சாப்ட்டிருக்கீங்களா? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

அப்போது குமார் அங்கே இல்லை. மருந்து வாங்க வெளியே போயிருந்தான். அஞ்சலையையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். நானும் அவரும் மட்டும்தான். சொல்லியிருக்கலாம். முதலில் சொன்ன பொய்யையே திரும்பச் சொல்வது சுலபமாக இருந்தது. இல்லீங்க என்றேன்.

குப்பியை உடைத்தார். பாதியை எடுத்தார். அதில் உப்புத் தண்ணீரைக் கலந்து, ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் பச்சைக் கோட்டிலும் வைத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏற்றினார். மீதிப் பாதி குப்பியிலேயே இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். மீதியைக் கொட்டும்போது இன்னொரு சிஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த நேரம் இரண்டாவது கட்டிலில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது. எல்லோரும் அங்கே ஓடினார்கள். கலைவாணி சிஸ்டரும் எனக்கு ஊசியை முடித்து, குப்பியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ஓடினார். இந்த ஒரு கையெழுத்துதான் அவருக்குச் சாட்சியாக இல்லாமல் போனது.

மத்தியானம் என் பெட்டி கத்த ஆரம்பித்தது. நம்பர் முப்பத்தெட்டு என்று காட்டியது. கிணற்றுக்குள் இறங்குவது போல் இருந்தது. கலைவாணி சிஸ்டர் ஓடிவந்து பெட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். டாக்டர் வந்தார். இதயத்தை வேகப்படுத்த ஒரு ஊசி போட்டார்கள். தேவைப்பட்டால் கழுத்து வழியாக ஒயர் விட்டு இதயத்தை அடிக்க வைக்கிற மிஷினையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பார்த்ததும்தான் நான் சாகப்போகிறேன் என்று நிஜமாகப் பயந்தேன்.

நம்பர் கொஞ்சம் ஏறியதும் கலைவாணி சிஸ்டர் குனிந்து என் காதருகே கேட்டார். "அப்பா, லைட்ட சுத்தி மஞ்சளா வட்டம் எதுனா தெரியுதா? இல்ல, முன்னாடி தெரிஞ்சிச்சா?"

நான் யாரிடமும் சொல்லாத விஷயம். என் சைக்கிள் பெட்டியைத் திறந்து பார்த்தவர் போலக் கேட்டார். அந்த மருந்து தேங்கினால் கண்ணில் மஞ்சள் தெரியும் என்று அவர் படித்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அது பிடிபடவில்லை. மாட்டிக்கொண்டேன் என்று மட்டும் தோன்றியது.

"இல்லீங்க," என்றேன்.

ஆனாலும் டாக்டரிடம் போய், இந்த மருந்து ஏற்கெனவே உடம்பில் இருந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, ரத்தத்தில் அளவு பார்க்கலாமா என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்தப் பரிசோதனை அங்கே இல்லை. மறுநாள் காலை எடுத்த ரத்தத்தைக் குமாரே பைக்கில் பாண்டிச்சேரி லேபுக்குக் கொண்டுபோனான். அவன் கைக்காசுதான். பங்குனி வெயிலில் போய், ரிசல்ட் வரும் வரை அங்கேயே நின்று, மத்தியானம் தாளோடு திரும்பி வந்தான். எனக்காக அப்படி அலைந்தவனிடம் எப்படிச் சொல்வது என்று அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

அளவு இருக்க வேண்டியதைப் போல் பல மடங்கு இருந்தது. குமாருக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியும். ஒரு சின்ன டாக்டர், மருந்து ஜாஸ்தியாகப் போயிருக்கிறது என்று அவன் காது கேட்கச் சொல்லிவிட்டார். பச்சைத் துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று குமார் கத்தியது முழுவதும் எனக்குக் கேட்டது.

"எங்க மாமா தலவலி மாத்திர கூட போடாத மனுசன். அவரு ஒடம்புல இவ்ளோ மருந்து எங்கேந்து வந்துச்சு? நீங்க முழு ஊசியும் போட்டுட்டு அரன்னு எழுதிக்கினு இருக்கீங்க."

"அரதாங்க போட்டேன்," என்றார் கலைவாணி சிஸ்டர்.

"யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்தார். பார்த்தவன் நான் படுத்துக்கிடந்தேன். துண்டை இழுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டேன். அந்த வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் வந்து குமாரைச் சமாதானப்படுத்தினார். பிறகு, "நடந்தத நடந்தபடி எழுதிக் குடும்மா" என்று கலைவாணி சிஸ்டரிடம் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, முன்பு போலவே முழு நிமிடம் எண்ணினார். எதையும் குறைக்கவில்லை. அப்பா என்பதை மட்டும் விட்டுவிட்டார். "சார், கைய நீட்டுங்க" என்றார். அறுபத்தெட்டு வயதுக்காரரான ஐந்தாவது கட்டில்காரரை அப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்தரம் பார்வை நேரத்தில் அஞ்சலை வந்தாள். காலையில் வீட்டுக்குப் போயிருந்தாள். மில்லில் நின்றிருந்த என் சைக்கிளை யாரோ வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதைக் கடைக்கு எடுத்துப் போகப் பார்த்திருக்கிறாள். டயரில் காற்று இல்லை. கை பம்பின் முனை இருக்கிறதா என்று சீட்டுக்குக் கீழே பெட்டியைத் திறந்திருக்கிறாள். என் மாற்றுச் சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ரசம் சோற்றை நாலு வாய் ஊட்டினாள். அதன் பிறகு துண்டுக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்து, அதில் ஒரு அட்டையைத் திணித்தாள். பத்து குழியும் காலியான மாத்திரை அட்டை.

"இதாயா கேஸ் மாத்திர?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இதுமாரி ஒம்போது கெடக்குது. மெடிக்கல்ல காட்டிக் கேட்டுக்கினுதான் வர்றேன்."

அட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு வெளிய ஒக்காந்து எழுதிக்கினு இருக்குது. எழுதுது, கிழிக்குது. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நானே சொல்கிறேன் என்றேன். டாக்டர் வரட்டும் என்றேன். அவள் எழுந்து, பாத்திரத்தை மூடினாள். தம்பியிடம் தான் சொல்லப் போவதில்லை, நான் பண்ணியதை நானேதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை டாக்டர் வந்தபோது சொன்னேன். அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். அட்டையை நீட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏன்யா, மூணு தடவ கேட்டாங்களே உன்ன" என்றார். என் தாளில் ஏதோ எழுதினார். அடுத்த கட்டிலுக்குப் போனார். கலைவாணி சிஸ்டருக்கு அன்று வேலை இல்லை. டாக்டரிடம் சொல்லியாயிற்று, ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன். குமாரிடம் சொல்லவில்லை. மருந்து வடிய வடிய நம்பர் எழுபதுக்கு வந்தது. சாப்பாடு பிடித்தது. விளக்கு வெள்ளையாகத் தெரிந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் இருந்த ஒரு மாதமும் குமார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னான். நர்ஸ் தப்பை அவன் எப்படிக் கண்டுபிடித்தான், எப்படிக் கேட்டான் என்று சொல்வான். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். அஞ்சலை உள்ளே போய்விடுவாள். ஒரு மாதம் அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

மறுபரிசோதனைக்கு விழுப்புரம் போனேன். வெளிநோயாளிகள் பகுதியில் பிரஷர் பார்க்கிற மேஜையில் கலைவாணி சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் பெரிய வரிசை. அவர் ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார்.

"எழுபத்திரெண்டு," என்றார்.

"சிஸ்டர்," என்றேன். "டாக்டர் உங்ககிட்ட சொன்னாருங்களா? மாத்திர சாப்ட்டத?"

"சொன்னாரு. ரெண்டு வாரம் கழிச்சு, போறபோக்குல."

"அப்புறம் ஏன் உங்கள இங்க போட்டாங்க?"

"யாரும் போடல. நானே கேட்டு வந்துட்டேன்." பிரஷர் துணியை என் கையிலிருந்து கழற்றினார். "அந்த ரெண்டு வாரமும் அர போட்டேன், அர போட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன். அப்புறம் ஒரு நாள், முழுசாத்தான் போட்டுட்டனோன்னு ஆயிடிச்சு. இப்ப உண்ம தெரிஞ்சும் ஒண்ணும் ஆவல. ஆம்பூல எடுத்தா கை நடுங்குது. நடுங்குற கையோட அங்க நிக்கக் கூடாது."

வரிசையில் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்தேன்.

எனக்கு அதுவரை அவருக்கு வேலை போய்விடுமோ என்றுதான் பயம் இருந்தது. வேலை போகவில்லை. வேறொன்று போயிருந்தது. அதை எடுத்தது குமாரின் வாய் இல்லை, என் வாய். திறக்காத வாய்.

பெரிய சிஸ்டரைத் தேடிப் போனேன். கூட்டம் கலையட்டும் என்று நிற்கவில்லை. நான் பொய் சொன்னதையும், மீதிப் பாதி குப்பியில் இருந்ததை நான் பார்த்ததையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். டாக்டர் எழுதியது நோயாளியின் தாளில் இருக்கிறது, கலைவாணி எழுதிய விளக்கம் வேறு ஃபைலில் தனியாக இருக்கிறது, அதில் அவர் பக்கம் பேச ஒரு வரி இல்லை என்றார். "வாயால சொன்னா ஃபைல்ல ஏறாதுங்க. எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட நானே காட்றேன்."

அன்று சாயந்தரமே மில்லுக்குப் போய்க் குமாரிடம் சொன்னேன். அவன் கணக்கு நோட்டை மூடி வைத்தான்.

"என்ன கத்த வுட்டுட்டு, நீ துண்ட போத்திக்கினு படுத்துனு இருந்தியே மாமா," என்றான்.

அதற்கு மேல் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். முதலாளிக்கும் அன்றே தெரிந்தது. ஒரு வருடம் நான் பயந்தது இதற்குத்தான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, இனி மூட்டை தூக்காதே, சாக்கு தைக்கிற இடத்தில் போய் உட்கார் என்றார். அவ்வளவுதான் விஷயம்.

கடிதத்தைத் தானே எழுதுவதாகவும், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் குமார் சொன்னான். அவன் எழுத்து முத்து முத்தாக இருக்கும். வேண்டாம் என்றேன். ஏற்கெனவே ஒரு தடவை எனக்காக அவன் பேசினான்.

எழுதுவதற்குப் பதினோரு நாள் ஆனது. தினமும் சாக்கு தைத்துவிட்டு வந்து உட்கார்வேன். இரண்டு வரி எழுதுவேன். அதில் என்னை நல்லவனாகக் காட்டுகிற வார்த்தை ஒன்று எப்படியாவது வந்துவிடும். அதை அடிப்பேன். அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். எத்தனை வரி ஆயிற்று என்று மட்டும் கேட்பாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு, குறிப்பாக என்னைப் போல் அதிகம் படிக்காதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதயத்துக்கு மாத்திரை கொடுத்து, இந்த நாளில் போடாதே என்று டாக்டர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் கேளுங்கள். காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்திருங்கள். சிஸ்டர் கேட்டால் அதை எடுத்து நீட்டுங்கள். அவர்கள் நம்மைப் பிடிப்பதற்காகக் கேட்பதில்லை. கையில் இருக்கிற ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள்.

பெரிய சிஸ்டருக்குத் தனித்தாளில் எழுதியது இவ்வளவுதான். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கலைவாணி சிஸ்டர் எனக்கு அரை ஊசிதான் போட்டார். மீதி அரை குப்பியில் இருந்தது. நான் விழித்திருந்தேன், என் கண்ணால் பார்த்தேன். போடுவதற்கு முன் முழு நிமிடம் எண்ணினார். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். என் உடம்பில் அதிகமாக இருந்தது நான் ஒளித்து வைத்துச் சாப்பிட்டது. அவர் கை தப்புச் செய்யவில்லை.

இப்படிக்கு,
ஏழுமலை
வைகாசி 26, செவ்வாய்க்கிழமை